ஒரு டாலர் மாடி

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் உலகமே ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளும் 86ஆவது மாடிக்கு வேறொரு வேலையும் வைத்திருந்தார்கள். ஆகாயக் கப்பலில் வந்திறங்கும் பயணிகளின் பெட்டிகளைச் சோதிக்கும் சுங்க அலுவலகமும் பயணச்சீட்டுக் கூடமும் அங்கேதான் வருவதாக இருந்தது. அதற்கு மேலே 200 அடிக்கு ஒரு கம்பம். அதன் உச்சியில் கப்பலின் மூக்கைக் கட்டுவார்கள். பயணிகள் பலகை வழியே நடந்து 102ஆவது மாடிக்குள் நுழைந்து, 86க்கு இறங்கி, லிஃப்ட் பிடித்துத் தெருவுக்கு வந்துவிடலாம். 1929 டிசம்பரில் இதை ஊருக்கு அறிவித்தவர் ஆல் ஸ்மித். நியூயார்க் மாநிலத்தின் கவர்னராக நான்கு முறை இருந்தவர். 1928 ஜனாதிபதி தேர்தலில் ஹெர்பர்ட் ஹூவரிடம் தோற்றவர். பணம் திரட்டியது ஜான் ராஸ்காப். ஜெனரல் மோட்டார்ஸின் நிதிப் பொறுப்பைப் பார்த்தவர் அவர்.

கம்பம் வந்த காரணம் வெறும் போட்டி. கார் முதலாளி வால்டர் கிரைஸ்லர் பக்கத்திலேயே தன் பெயரில் ஒரு கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார். 1929 அக்டோபரில், உள்ளேயே ரகசியமாகப் பூட்டி வைத்திருந்த கூர்முனையைத் திடீரென்று வெளியே தூக்கி நிறுத்தி 1,046 அடி ஆக்கிவிட்டார். ராஸ்காபின் 86 மாடித் திட்டம் 1,050 அடி. நாலடி வித்தியாசத்தை நம்பி அவரால் தூங்க முடியவில்லை. கம்பத்தைச் சேர்த்ததும் 1,250 அடி ஆனது.

ஆகாயக் கப்பல் வரவேயில்லை. மூக்கை மட்டும் கட்டினால் வால் காற்றில் ஆடும். அந்த உயரத்தில், சுற்றியுள்ள கட்டடங்களில் மோதி மேலெழும்பும் காற்றில் நூற்றுக்கணக்கான அடி நீளக் கப்பலை அசையாமல் நிறுத்த வழியில்லை. 1931 செப்டம்பரில் ஒரு சிறிய கப்பல் கயிற்றால் மூன்று நிமிடம் ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு இன்னொன்று பறந்தபடியே ஒரு கட்டுப் பத்திரிகையைக் கயிற்றில் இறக்கிவிட்டுப் போனது. அவ்வளவுதான். 1937இல் ஹிண்டன்பர்க் எரிந்து விழுந்ததோடு ஆகாயக் கப்பல் பயணம் என்ற தொழிலே முடிந்தது.

நான் திருச்சிக்காரன். துவாக்குடியில் ஸ்டீல் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வெல்டிங் சூப்பர்வைசராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அப்பா கொதிகலன்களுக்கு ரிவிட் அடித்தவர். ஜெர்சி சிட்டியில் இருக்கும் மகள் கூட்டிக்கொண்டு போனபோது, ஊரைப் பார்க்கிற ஆசையைவிட அந்த இரும்புச் சட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. சட்டத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. மொத்தமும் செங்கல்லுக்கும் இண்டியானா சுண்ணாம்புக் கல்லுக்கும் உள்ளே மறைந்திருக்கிறது. ஆனால் அதை எப்படி நிமிர்த்தினார்கள் என்பதற்குப் படங்கள் இருக்கின்றன. லூயிஸ் ஹைன் எடுத்தவை. அதற்கு முன்பு அவர் மில்லிலும் சுரங்கத்திலும் வேலை செய்த குழந்தைகளைப் படமெடுத்து, அமெரிக்காவில் குழந்தை உழைப்புக்கு எதிரான சட்டங்கள் வர உதவியவர். இங்கே ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய நிலையில் கூடையில் உட்கார்ந்து, கட்டடத்துக்கு வெளியே அந்தரத்தில் தொங்கியபடி படம் எடுத்தார்.

அந்தப் படங்களை என் அப்பா பார்த்திருந்தால் ஒவ்வொருவரின் கையையும் காட்டி என்ன செய்கிறார் என்று சொல்லியிருப்பார். ரிவிட் கேங் என்றால் நாலு பேர். ஒருவர் சின்ன உலையில் ரிவிட்டைச் சிவக்கக் காய்ச்சுவார். பதம் முக்கியம், அதிகம் காய்ந்தால் இரும்பு கெட்டுவிடும், குறைந்தால் அடிக்கு மசியாது. காய்ந்ததைக் கொறட்டால் எடுத்து வீசுவார். இரண்டாமவர் ஒரு தகர டப்பாவில் அதைப் பிடிப்பார். பிடித்தவர் தன் கொறட்டால் எடுத்துத் தட்டி, சாம்பலை உதிர்த்து, துளையில் நுழைப்பார். மூன்றாமவர் தலைப்பக்கம் இரும்பு டாலியை அழுத்திப் பிடிக்க, நாலாமவர் மறுபக்கம் காற்றுச் சுத்தியலால் அடித்து இன்னொரு தலையை உருவாக்குவார். ஆறும்போது ரிவிட் சுருங்கும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் காய்ச்சிய இரும்புப் பட்டை போட்டுத் தண்ணீர் ஊற்றினால் மரத்தை எப்படி இறுக்கிப் பிடிக்குமோ, அப்படி இரண்டு தகடுகளையும் அது இறுக்கிப் பிடிக்கும். அப்பா இதைத் தரையில் நின்று செய்தார். நியூயார்க்கில் ஒரு பீமின் மேல் நின்றுகொண்டு, கீழே ஐந்தாவது அவென்யூவில் ஜனம் நடக்க, சிவந்த இரும்பை வீசிப் பிடித்தார்கள்.

அந்த வேலையில் மொன்ட்ரியால் அருகே கானவாகேயிலிருந்து வந்த மோஹாக் பழங்குடியினர் இருந்தார்கள். அயர்லாந்து, ஸ்காண்டிநேவியா, நியூஃபவுண்ட்லாந்து என்று கடல் தாண்டி வந்தவர்கள் இருந்தார்கள். மும்முரமான நாட்களில் தளத்தில் 3,400 பேருக்கும் மேல். 57,000 டன் இரும்பு. ஒவ்வொரு பீமிலும் அது எந்த மாடியில் எந்த இடத்துக்கு என்று எண் எழுதி வந்தது. மாடிகளில் சிறிய தண்டவாளம் போட்டு, தள்ளுவண்டியில் செங்கல்லும் சிமென்ட்டும் கொண்டுபோனார்கள். சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி நேரம் வீணாகக் கூடாதென்று கட்டடம் வளர வளர மேலேயே கேன்டீன் வைத்தார்கள். வாரத்துக்குச் சராசரி நாலரை மாடி எழும்பியது. அந்த ஒழுங்கைப் படிக்கும்போது, ஒரு லோடு இரும்பு நாலு நாள் தாமதமானதால் தலையில் கைவைத்து உட்கார்ந்த எங்கள் சைட்டுகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. வேலையில் இறந்தவர்கள் அதிகாரபூர்வக் கணக்கில் ஐந்து பேர். அந்தக் காலத்துக்குக் குறைவு என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஐந்து வீடுகளில் அது குறைவாக இருந்திருக்காது.

1930 மார்ச்சில் கட்டத் தொடங்கி, 1931 மே 1ஆம் தேதி திறந்துவிட்டார்கள். வாஷிங்டனில் இருந்தபடி ஹூவர் பொத்தானை அழுத்த, இங்கே விளக்குகள் எரிந்தன. குடிவரத்தான் ஆளில்லை. பழைய வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலை இடிக்கத் தொடங்கிய அதே 1929 அக்டோபரில்தான் பங்குச் சந்தை சரிந்தது. கட்டடம் முடிந்தபோது நாடு பெருமந்தத்தின் நடுவில் இருந்தது. வாடகைக்குப் போன இடம் கால்பங்குகூட இல்லை. காலியான மேல்மாடிகளில் ஆள் இருப்பதுபோல் இரவில் விளக்கு ஏற்றி வைத்தார்களாம்.

இந்த இடத்தில்தான் 86ஆவது மாடி காப்பாற்றியது. மேலே போய்ப் பார்க்க ஒரு டாலர். வேலையில்லாமல் சூப்புக்கு வரிசையில் நின்ற ஊரில் அது சின்னக் காசு இல்லை. ஆனாலும் வந்தார்கள். முதல் ஆண்டில் பார்வையாளர்களிடம் வசூலானது வாடகை வரவுக்கு ஈடாக இருந்தது என்று கட்டடத்தின் வரலாறுகள் சொல்கின்றன. பெரிய மனிதர்கள் வந்தால் ஆல் ஸ்மித்தே கூட நின்று சுற்றிக்காட்டினார். கட்டடம் லாபத்தைப் பார்த்தது 1950 வாக்கில்தான். அதுவரை பெரும் பணக்காரர்கள் போட்ட முதலைத் தாங்கியதில், வெளியூரிலிருந்து ரயிலேறி வந்து ஒரு டாலர் கொடுத்துச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன சாதாரண ஜனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மகளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஹெலன் கெல்லர். கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. மேலே போய் உண்மையில் என்னதான் பார்த்தீர்கள் என்று ஜான் ஃபின்லி என்ற பத்திரிகையாளர் கேட்டார். 1932 ஜனவரியில் கெல்லர் நீண்ட கடிதமாகப் பதில் எழுதினார். உடன் வந்தவர்கள் கண்ட எத்தனையோ விஷயங்கள் தனக்குத் தப்பியிருக்கலாம், ஆனால் அதில் தனக்குப் பொறாமை இல்லை என்பது அதன் சாரம். என் அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே காது மந்தம். கொதிகலனுக்குள் உட்கார்ந்து டாலி பிடித்தவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். அம்மா அவரைச் சாப்பிடக் கூப்பிடத் தோளைத் தொடுவாள். இரும்பு சரியாகப் பிடித்துவிட்டதா என்பதை அப்பா சத்தத்தில் அல்ல, உள்ளங்கையில்தான் தெரிந்துகொள்வார். 86ஆவது மாடியின் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, காற்று அதில் அதிர்வது என் கைக்குத் தெரிந்தது. கெல்லர் சொன்னதை அங்கே முழுதாக நம்பினேன்.

உள்பக்கம் வளைந்த அந்தத் தடுப்பு திறப்பு விழாவின்போது கிடையாது. மேலே வந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்கள் அடுத்தடுத்து இருந்ததால் 1947இல் போட்டார்கள்.

அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பு, 1945 ஜூலை 28, சனிக்கிழமை காலை, மூடுபனியில் வழி தவறிய பி-25 குண்டுவீச்சு விமானம் ஒன்று 79ஆவது மாடிப் பக்கம் மோதியது. பதினான்கு பேர் இறந்தார்கள். லிஃப்ட் இயக்கிய பெட்டி லூ ஆலிவர் காயம்பட்டு, அவரைக் கீழே இறக்க வேறு லிஃப்டில் ஏற்றியபோது கம்பிவடங்கள் அறுந்து 75 மாடி விழுந்தார். அறுந்த வடங்கள் குழியில் சுருண்டு கிடந்து மெத்தையாகத் தாங்கின, உயிர் பிழைத்தார். சட்டத்துக்குப் பெரிய சேதம் இல்லை. திங்கட்கிழமையே பல மாடிகளில் வேலை நடந்தது. ஒரு விமானத்தின் அடியை அந்த ரிவிட்டுகள் தாங்கின என்று படித்தபோது, அப்பாவைப் பற்றி யாரோ நல்லதாக நாலு வார்த்தை சொன்னதைப் போல மனம் நிறைந்தது.

கப்பலுக்கென்று நட்ட கம்பமும் வீணாகவில்லை. 1931லேயே அதிலிருந்து சோதனைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. 1950களில் நகரத்தின் நிலையங்கள் அதன் உச்சியைப் பங்குபோட்டுக்கொண்டன. 1970இல் உலக வர்த்தக மையம் உயரத்தில் முந்தியது. ஆனாலும் ஜனம் வருவது நிற்கவில்லை. 2018இல் பார்வையாளர்களுக்கென்று 34ஆவது தெருவில் தனி வாசல் வைத்தார்கள். மறு ஆண்டு 102ஆவது மாடியைச் சுற்றிலும் ஆளுயரக் கண்ணாடி போட்டார்கள். இரண்டாவது மாடிக் காட்சிக்கூடத்தில் ரிவிட் கேங் காலத்துத் தொழிலாளிகளுக்கு வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. பீமின் மேல் நிற்கிறார்கள். பிள்ளைகள் தோளில் கைபோட்டுப் படமெடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நானும் எடுத்துக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 102க்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அது கண்ணாடிக்குள் அடைபட்ட சிறிய இடம். 86இல் வெட்டவெளி, காற்று, நாலு பக்கமும் நடக்க இடம். இப்போது நியூயார்க்கில் உயரமாகக் கட்டுகிறவர்கள் வேடிக்கை மாடியையும் சேர்த்தே கணக்குப் போடுகிறார்கள். 2020இல் 'எட்ஜ்', 2021இல் 'சம்மிட்' என்று வரிசையாகத் திறந்திருக்கின்றன. அடுத்த முறை எட்ஜுக்குப் போகலாம் என்கிறாள் மகள். போகலாம்தான். அவையெல்லாம் போல்ட்டும் வெல்டிங்கும் போட்டு எழுப்பியவை, என் தொழில். வலுக்கூடிய போல்ட் 1950களில் பரவத் தொடங்கியதும் நாலு பேர் செய்ததை இரண்டு பேர் செய்ய முடிந்தது. உலை வேண்டாம், டப்பா வேண்டாம், வீசிப் பிடிக்க வேண்டாம். உலக வர்த்தக மையம் எழும்பிய காலத்துக்குள் நியூயார்க்கின் ரிவிட் கேங்குகள் ஏறக்குறையக் கலைந்துவிட்டன. எங்கள் ஊரில் கொஞ்சம் பின்னால் நடந்தது. அப்பாவின் கடைசி வருடங்களில் அவர் பட்டறைக்கும் வெல்டிங் செட் வந்தது. அதில் கை பழகியவர்களில் நானும் ஒருவன்.