முட்சங்கும் எண்ணெய்க் கப்பலும்

தோட்டத்து லயங்களிலும் பட்டணத்துச் சந்துகளிலும் மண்ணெண்ணெய் விளக்கடியில் வாழ்ந்தோர் நம்முள் பலர். அவ்வெண்ணெயைத் தகரத்தில் அடைக்காமல், தன் வயிறு நிறைய ஏந்திச் சிங்கப்பூருக்கு வந்த கப்பலொன்றின் பெயர் ஒரு கடல் நத்தையின் பெயரே என்பதை அறிந்தார் சிலரே.

அந்நத்தை முட்சங்கு, மேனாட்டார் அதனை மியூரெக்ஸ் என்பர். ஓடெங்கும் முட்கள் நிறைந்த இவ்வினம் பிற சிப்பிகளின் ஓட்டைத் துளைத்து, உள்ளிருக்கும் சதையைத் தின்று வாழ்வது. பண்டைத் தீர் நகரத்தார் அரசர் உடுக்கும் ஆடைக்கு ஊதாச் சாயம் எடுத்தது இவ்வினத்திடமிருந்தே. 1909இல் பிரீட்லேண்டர் என்னும் இரசாயன அறிஞர் 12,000 நத்தைகளைக் கொண்டு பெற்ற சாயம் 1.4 கிராமே! ஒருவர் உடுக்கும் பெருமைக்கு எத்தனை உயிர்கள் மாண்டன என்பதை எண்ணுக.

லண்டனில் கிளிஞ்சல் பதித்த பெட்டிகள் விற்றவரின் மகன் மார்க்கஸ் சாமுவேல். தந்தையின் தொழிலை நினைந்து தம் கப்பல்களுக்குச் சங்கு சிப்பிகளின் பெயரிட்டார். அவற்றுள் முதலாவதே ‘மியூரெக்ஸ்’. தீப்பற்றும் என்று அஞ்சி எண்ணெய்க் கப்பல்களை விடாதிருந்த சூயஸ் கால்வாயை, புதிய பாதுகாப்பு அமைப்புடன் 1892 ஆகஸ்டு 24இல் அது கடந்தது. பாத்தூமில் ஏற்றிய ரஷ்ய எண்ணெயைச் சுமந்து அது வந்தடைந்த இடம் சிங்கப்பூரின் புக்கோம் தீவு. அத்தீவின் பெயரும் மலாய் மொழியில் ஒரு சங்கின் பெயரால் வந்ததென்பர். 1961இல் சிங்கப்பூரின் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அங்கேயே எழுந்தது.

இங்ஙனம் கப்பலுக்குப் பெயர் தந்த நத்தைக்குக் கப்பல்கள் அளித்த கைம்மாறு யாது? பாசியும் கொட்டலசும் ஒட்டாதிருக்கக் கப்பலின் அடியிற் பூசிய வெள்ளீய நச்சுச் சாயம் கடலிற் கரைந்தது. அதனால் பெண் நத்தைகளில் ஆணுறுப்பு முளைத்தது. கேடு முற்றியவை முட்டையிடும் வழியும் அடைபட்டு மலடாயின. சிங்கப்பூர்க் கரையோரத்திலும் முட்சங்கின் குடும்பத்து நத்தைகளில் இக்கேடு காணப்பட்டது.

இதனை விதியென்று எவரும் விட்டுவிடவில்லை. அறிஞர் காரணத்தை ஆராய்ந்து நிறுவினர். நாடுகள் கூடி 2001இல் உடன்படிக்கை செய்தன. 2008இல் அத்தடை நடைமுறைக்கு வந்தது. அதன்பின் உலகின் பல துறைமுகங்களில் நத்தைகள் மீண்டும் பெருகுகின்றன. ஆதலின், அன்பர்களே, தீமைக்குக் காரணம் காணுதலும், கண்டபின் அதனைக் களைதலும் மக்களாலேயே ஆகும் என்பதற்குக் கடலடியில் ஊரும் இச்சிற்றுயிரே சான்றாகும்.