ஜெனரல் மக்டவலும் 1803 ஆம் ஆண்டுக் கண்டிப் போரும்

ஒரு தலைநகரைப் பிடித்தல் வேறு. ஒரு நாட்டை வெல்லுதல் வேறு. இவ்வுண்மையை 1803 ஆம் ஆண்டிலே கண்டி மலைநாட்டில் ஆங்கிலேயர் பல நூறு உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றனர். அப்போது படை நடத்திச் சென்றவர் மேஜர் ஜெனரல் ஹே மக்டவல்.

1796 இல் இலங்கையின் கரையோரப் பகுதிகள் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறின. மலைநாடு மட்டும் தனியரசாகவே நின்றது. அங்கே 1798 முதல் அரசு செலுத்தியவன், மதுரை நாயக்கர் வழிவந்த கண்ணுசாமி என்னும் இளைஞன்; ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்பது அவனது பட்டப்பெயர். அவனை அரியணையேற்றிய முதன்மந்திரி பிலிமத்தலாவையோ, அவனை வீழ்த்தும் சூழ்ச்சியிலும் ஈடுபட்டிருந்தான். அச்சூழ்ச்சியில் தமக்கும் ஆதாயம் உண்டெனக் கருதினார் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த்.

1800 ஆம் ஆண்டில் மக்டவல் தூதராகக் கண்டிக்கு அனுப்பப்பட்டார். காணிக்கைகளோடு பெரும் படையும் உடன் சென்றது. ஆனால் காடும் மழையும் ஒற்றையடிப் பாதையும் அப்படையின் பெரும்பகுதியை றுவன்வெல்லையிலேயே நிறுத்திவிட்டன. கண்டியில் ஆங்கிலப் படையை நிறுத்துவதற்கு மன்னனும் இசையவில்லை. நாட்டின் உண்மையான காவலன் அதன் நிலவியல்பே என்பதைத் தூது சென்ற ஜெனரல் கண்ணாரக் கண்டு மீண்டார்.

எனினும் மூன்றாண்டுகளில் போர் மூண்டது. ஆங்கிலேயரின் குடிகளான புத்தளத்து வணிகரிடமிருந்து பாக்கு பறிக்கப்பட்டது என்பதே காட்டப்பட்ட காரணம். 1803 ஜனவரி இறுதியில் மக்டவல் கொழும்பிலிருந்து புறப்பட்டார். லெப்டினன்ட் கேணல் பார்புட் திருகோணமலையிலிருந்து மற்றொரு படையுடன் வந்தார். பெப்ரவரியின் பிற்பகுதியில் இரு படைகளும் கண்டியிற் கூடின. எதிர்ப்போ மிகச் சிறிது.

ஆனால் அவர்கள் நுழைந்தது வெறுமையான நகரம். குடிகள் அகன்றிருந்தனர்; அரண்மனையின் ஒரு பகுதி தீப்பற்றி எரிந்தது; மன்னன் மலைகளுக்கு அப்பால் மறைந்திருந்தான். முன்னைய மன்னனின் தேவிக்குச் சகோதரனான முத்துசாமியை ஆங்கிலேயர் அரியணையில் இருத்தினர். அவனை அரசனென ஏற்கக் குடிகள் முன்வரவில்லை. மன்னனைப் பிடிப்பதற்காக ஹங்குரன்கெத்தைக்குச் சென்ற படையும் வெறுங்கையுடன் திரும்பியது.

பிறகு வந்த பகைவன் காய்ச்சல். உணவு கொண்டுவரும் பாதைகளைக் கண்டியர் அறுத்தனர்; சுமை தூக்குவோர் ஓடினர்; மழை தொடங்கியது. ஏப்ரல் முதலாம் நாள் மக்டவல் காவற்படையொன்றை விட்டுக் கொழும்புக்கு மீண்டார். பார்புட் நோயுற்று மாண்டார். மலைநாட்டுப் போரில் பழக்கமில்லாத மேஜர் டேவியிடம் காவற்பொறுப்பு வந்தது. மே மாதத்தில் ஜெனரல் மீண்டும் கண்டிக்கு வந்தார். ஜூனில் அவரும் நோயுற்றுத் திரும்பினார்.

ஜூன் 24 ஆம் நாள் விடியுமுன் கண்டியர் தாக்கினர். நோயால் மெலிந்த படையை வைத்துக்கொண்டு டேவி உடன்பாடு செய்தார்: படை ஆயுதங்களுடன் திருகோணமலைக்குச் செல்லும்; நோயாளர் பேணப்படுவர். படை வட்டபுலுவையில் மகாவலிக் கரையை அடைந்தபோது கங்கை பெருக்கெடுத்து ஓடியது, கடக்க ஓடமில்லை. முத்துசாமியை ஒப்படைக்க வேண்டுமென அங்கே கோரிக்கை எழுந்தது. முதலில் மறுத்த டேவி, பின்னர் இணங்கினார். தன்னை அரசனாக்கியவர் கையாலேயே ஒப்படைக்கப்பட்ட முத்துசாமி கொல்லப்பட்டான். அவனைக் கொடுத்தும் படை தப்பவில்லை. ஜூன் 26 இல் வீரர் ஆயுதம் களையப்பட்டு வெட்டுண்டனர். கண்டியில் விடப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரும் மாண்டனர். மலாய்ப் படையின் தலைவரான கப்டன் நூறுதீன், மன்னனின் சேவையில் அமர மறுத்து உயிர்நீத்தார். குற்றுயிராகத் தப்பிய கோப்ரல் பார்ன்ஸ்லி என்பவரே மாத்தளைப் பக்கத்துக் கோட்டைக்குச் சென்று செய்தி சொன்னார். அக்கோட்டைக்கு வைக்கப்பட்டிருந்த பெயர் மக்டவல் கோட்டை!

பழி முழுவதும் டேவியின் தலையில் விழுந்தது. அடைக்கலம் புகுந்தவனைக் கைவிட்ட குற்றம் அவருடையதே. அதை மறைத்தல் தகாது. ஆயினும் நோய் சூழ்ந்த நகரில், உணவு வழியைக் காவாது, மழைக்காலத்தில் சிறுபடையை நிறுத்திய முடிவு அவருடையதன்று. அது தேசாதிபதிக்கும் ஜெனரலுக்கும் உரியது. டேவி பல்லாண்டுகள் கண்டியிற் சிறையிருந்து அங்கேயே இறந்தார். மக்டவலோ சென்னைப் படையின் பிரதம தளபதியாக உயர்ந்தார். அங்கே ஆளுநர் பார்லோவுடன் முரண்பட்டுப் பதவி துறந்து, 1809 இல் தாயகம் செல்லும் வழியில் கப்பலோடு கடலில் மறைந்தார். அவர் மூட்டிய பூசல் அவ்வாண்டிலேயே சென்னைப் படை அதிகாரிகளின் கலகமாக வெடித்தது.

கண்டி இறுதியாக 1815 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அப்போதும் நகரை வென்றது பீரங்கியன்று. மன்னனிடம் வெறுப்புற்ற பிரதானிகள் வழிவிட்டனர். மார்ச் 2 ஆம் நாள் உடன்படிக்கை எழுதப்பட்டது. 1803 இல் மக்களின் மனம் அரசனோடு இருந்தது. வந்த படை வெறும் வீடுகளையே பிடித்தது. 1815 இல் பிரதானிகளின் மனம் அரசனை விட்டு அகன்றிருந்தது. மலைகள் அப்படியே நின்றும் அரசு வீழ்ந்தது. இவ்விரு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போர், ஒரு நாட்டின் அரண் மலையிலும் காட்டிலும் மட்டும் இல்லை என்பதை எளிதில் உணர்வர்.