பவளம் கொணர்ந்தோர்

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில், செவ்வாய் தோஷ நிவர்த்திக்கென்று சோதிடர் விதித்த பவளத்தை வாங்கக் கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து வந்த ஒருவர், தட்டில் பரப்பிய மணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வெண்புள்ளியோ கீறலோ இல்லாததாகத் தேர்ந்தெடுக்கும்போது, அச்செம்மணி நம் கடலில் விளைந்ததன்று என்பதும், அது தமிழகம் வந்து சேர்ந்த சரித்திரத்தில் யூத வணிகர்க்குப் பெரும்பங்கு உண்டு என்பதும் அவர் மனத்தில் தோன்ற நியாயமில்லை. யூதரின் ஆடையாபரண வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர்கள் அணிந்தவற்றை மட்டும் வருணித்து அமைந்துவிடுகின்றனர். பிறர் அணிந்து மகிழ அவர்கள் கொணர்ந்தவற்றையும், பிறரிடமிருந்து அவர்கள் ஏற்று அணிந்தவற்றையும் சேர்த்துரைத்தாலன்றி அவ்வரலாறு பூரணமாகாது என்பது என் துணிபு.

செம்பவளம் மத்தியதரைக் கடலின் செல்வம். ரோமாபுரியார் முத்தைப் போற்றியதுபோல இந்தியர் பவளத்தைப் போற்றினர் என்னும் செய்தியை முதல் நூற்றாண்டிலேயே பிளினி எழுதிவைத்திருக்கிறார். 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டும், 1497-இல் போர்த்துக்கலில் பலவந்தமாக மதம் மாற்றப்பட்டும் அல்லலுற்ற யூதரின் வழித்தோன்றல்கள், டஸ்கனிக் கோமகன் முதலாம் பெர்டினாந்து 1591, 1593 ஆகிய ஆண்டுகளில் வழங்கிய சாசனங்களின் ஆதரவில் இத்தாலியின் லிவோர்னோத் துறைமுகத்தில் குடியேறி, பவளத்தை அறுத்து, துளையிட்டு, மெருகேற்றி, நிறமும் பருமனும் பார்த்துத் தரம் பிரித்து, சரங்களாகக் கோத்துத் தூரதேசங்களுக்கு அனுப்பும் வாணிகத்தில் தலைசிறந்து விளங்கினர். அச்சரங்கள் லண்டன் வழியாகச் சென்னைக்கு வந்தன; அவற்றின் கிரயத்துக்குக் கோல்கொண்டா வைரம் மேற்கே சென்றது. இவ்வியாபாரத்தின் பொருட்டுச் சென்னையில் தங்கியவருள் ஜாக் டி பைவா என்பவர் 1687-இல் இங்கேயே காலமானார். மறு ஆண்டு சென்னை நகராட்சி மன்றம் ஏற்பட்டபோது, அதன் ஆல்டர்மென் 12 பேருள் மூவர் யூத வணிகராக இருந்தனர் என்பது அவர்கள் அடைந்திருந்த செல்வாக்குக்குச் சான்று. ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. தங்கக் குண்டுகளுக்கிடையே பவளம் கோத்துத் தாலிச்சரட்டை அணியும் தமிழ்ப் பெண்டிரின் தேவை இல்லையேல், இவ்வளவு தொலைவு கடந்து அம்மணி வந்திராது.

இனி, அவர்கள் தாமே அணிந்தவற்றைக் காண்போம். ஆடையின் நான்கு முனைகளிலும் குஞ்சம் தொங்கவிட வேண்டும், ஆட்டுரோமமும் ஆளிநூலும் கலந்து நெய்ததை உடுத்தலாகாது என்பன அவர்களுடைய வேத விதிகள். தாமாக விரும்பி ஏற்ற இவ்விதிகளன்றி, பிறர் சுமத்திய விதிகளும் இருந்தன. 1215-இல் போப் மூன்றாம் இன்னசென்டு கூட்டிய லாத்தரன் மகாசபை, கிறிஸ்தவரினின்று வேறுபட்டுத் தெரியும் உடையை யூதர் உடுத்த வேண்டும் என்று ஆணையிட, ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் மஞ்சள் துணித்துண்டு அவர்கள் மார்பில் ஏறியது. அந்த ஆணைக்கு ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பே, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதர் தலைவன் ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்துச் செப்பேட்டின் வாயிலாகப் பகல்விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் முதலிய விருதுகளைப் பரம்பரையாக அனுபவிக்குமாறு அளித்தான் என்பதை நினைக்கும்போது உள்ளம் பூரிக்கிறது.

இத்தகைய ஆதரவில் வாழ்ந்தோர் இந்நாட்டு உடையை அந்நியமாகக் கருதாததில் வியப்பில்லை. கேரளத்து யூத மாதர் முண்டும் குப்பாயமும் உடுத்தனர். திருமணத்தில் மோதிரம் அளிப்பது அவர்களுடைய சாஸ்திர விதி; ஆனால் கொச்சியில் அவ்விதியோடு தேசாசாரமும் இணைந்து, மணமகன் வீட்டுப் பெண்மணி ஒருவர் மணமகளின் கழுத்தில் தாலி கட்டும் சடங்கும் நடைபெற்றது.