நாலு பேர் என்ன சொல்வார்கள்?

மாணவ மாணவியரே, ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்னும் கேள்வியைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை தமிழ்நாட்டில் இருக்க முடியாது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். மாலையில் நேரம் கழித்து வீடு திரும்பினால் அந்த நால்வர் வந்துவிடுவார்கள். மதிப்பெண் குறைந்தால் வருவார்கள். விருந்துக்குப் போன இடத்தில் இரண்டாம் முறை இனிப்புக் கேட்டாலும் வருவார்கள். யார் இவர்கள்? ஆசிரியனாய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி வாயிலில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நால்வரும் வேறு பிள்ளைகளைப் பெற்ற தாய் தந்தையரே.

தாம்பரத்தில் ஏதேனும் ஒரு பள்ளியின் முன் மாலை நான்கு மணிக்கு நின்று பாருங்கள். அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைத் திணிக்கும் தாயை மற்றொரு தாய் ஓரக்கண்ணால் பார்ப்பார். மகளைத் தனியே மின்ரயிலில் அனுப்பும் தந்தையைப் பற்றி இருவர் தணிந்த குரலில் பேசுவர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சோறூட்டி விடுபவர் ஒருவர், ‘இந்த வயதிலுமா?’ என்று வியப்பவர் இன்னொருவர். இவையெல்லாம் அற்ப நிகழ்ச்சிகள், இவற்றிற்கும் வரலாற்றிற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. பாடநூல்களில் சட்டங்களும் ஆண்டுகளும் வரிசையாக நிற்கின்றன. அச்சட்டங்களுக்கு முன்னும் பின்னும் தெருத் திண்ணைகளில் நடந்த விசாரணைகளைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. அக்குறையைச் சிறிதளவு நீக்கவே இன்று பேச வந்தேன்.

கிண்டியிலிருந்து தொடங்குவோம். அங்கே 1899-இல் நிறுவப்பட்ட கிங் நிலையம் இன்றும் இருக்கிறது. பெரியம்மைக்கான தடுப்புப் பாலைக் கன்றுகளின் தோலில் வளர்த்துப் பிரித்தெடுத்து மாகாணமெங்கும் அனுப்பிய இடம் அது. ஜென்னர் 1796-இல் கண்ட முறை 1802-இல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. எனினும், நூறாண்டு கடந்த பின்னும் அம்மை குத்துகிறவர் தெருவில் நுழைந்தால் வீடுகள் கதவடைத்தன. காரணங்கள் பல. முதலில் ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்த பாலை மற்றொரு குழந்தையின் கையில் ஏற்றினர். எந்தச் சாதிப் பிள்ளையின் நீர் என் பிள்ளையின் உடம்பில் ஏறுகிறது என்று சினந்தனர். கன்றிலிருந்து எடுக்கத் தொடங்கியதும் வேறு வகையான மனக்குறை எழுந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மை என்பது நோயன்று, மாரியின் வருகை என்று நம்பிய ஊரில், அவளை வரவிடாமல் தடுக்கும் தாய்க்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஊசி குத்திய கை வீங்கும். குழந்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். அந்த இரண்டு நாளும் அண்டை வீட்டார் அத்தாயைச் சும்மா விட்டிருப்பார்களா?

இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975-இல் கண்டறியப்பட்டார். 1980-இல் உலகமே அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. உங்கள் பாட்டனார் பாட்டியாரின் மேற்கையில் வட்டமான தழும்பு இருந்தால், அது எப்படி வந்தது என்று ஒரு நாள் கேளுங்கள். அதற்கு இசைந்த தாயைப் பற்றியும் கேளுங்கள்.

இனி, நான் விரிவாகச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் மயிலாப்பூரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தந்தை ஆர். வி. சுப்பிரமணிய ஐயர், அரசின் பொதுப்பணித் துறையில் பொறியாளர், தாயார் விசாலாட்சி. குழந்தைக்குச் சுப்புலட்சுமி என்று பெயர். ஒன்பதாம் வயதில் நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறினாள் அச்சிறுமி. அந்நாளில் அம்மாவட்ட ஆட்சியரின் தலைமையிடம் நம் சைதாப்பேட்டைதான். முதலாவதாகத் தேறிய பெண்ணுக்கு அடுத்து என்ன? அக்கால வழக்கப்படி மணம். மணம் முடிந்த சிறிது காலத்திலேயே கணவனாக அமைந்தவர் மறைந்தார். பதினொரு வயதளவில், வாழ்க்கை என்னவென்று அறியாத குழந்தை கைம்பெண் ஆனாள்.

அடுத்து நடக்க வேண்டியது என்ன என்பதை ஊர் முன்னமே முடிவு செய்து வைத்திருந்தது. தலைமயிரை மழிக்க வேண்டும். நார்மடி உடுத்தி வீட்டின் பின்கட்டில் ஒதுங்க வேண்டும். மங்கல நிகழ்ச்சிகளில் முகம் காட்டக் கூடாது. வெளியே கிளம்புபவர் எதிரில் வரக் கூடாது. சுப்பிரமணிய ஐயர் இவற்றைச் செய்ய மறுத்தார். மகளின் கூந்தலை மழிக்கவில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அவ்வீட்டில் வாழ்ந்த சிற்றன்னை வாலாம்பாளும் கைம்பெண்ணே. அவரும் இம்முயற்சிக்குத் துணை நின்றார்.

மகளின் தலையில் மயிர் இருப்பதும், காலையில் அவள் பையோடு வெளியே போவதும் ஒரு வீட்டின் அன்றாடச் செயல்கள். அவை அத்தெருவின் வழக்காயின. உறவினர் ஏசினர்; ஒதுக்கினர். ‘உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது’ என்ற பழமொழியின் முழுப் பொருளையும் அக்குடும்பம் அறிந்திருக்கும். இவ்விடத்தில் ஒன்று சொல்வேன். ஏசியவர்கள் எல்லோரையும் கொடியவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் வீட்டிலும் பெண்கள் இருந்தனர். கட்டுப்பாட்டை மீறிய குடும்பத்தோடு உண்டு உறவாடியவர் என்ற பெயர் வந்தால், தம் மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா, திதிக்குப் புரோகிதர் வருவாரா என்ற அச்சம் அவர்களை ஆட்டிப் படைத்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் அஞ்சினர். அஞ்சியவர் எல்லோரும் சேர்ந்தே அந்த ‘நாலு பேர்’ ஆயினர். சுப்பிரமணிய ஐயருக்கும் அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. சுப்புலட்சுமி அவருடைய மூத்த மகள். அவளுக்குப் பின் தங்கையர் இருந்தனர். மூத்தவளுக்காகத் தெருவைப் பகைத்துக்கொண்டால், இளையவர்களின் வாழ்வு என்னாகும்? இக்கேள்விக்கு விடை தெரியாத நிலையில்தான் அவர் தம் முடிவைச் செய்தார். ஆகவேதான் அதனைப் பெரிதென்கிறேன்.

1911-இல் சுப்புலட்சுமி மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவரே என்பர். அடுத்த ஆண்டே, எழும்பூரில் சில இளங் கைம்பெண்களை உடன் வைத்துக்கொண்டு ஓர் இல்லத்தைத் தொடங்கினார். அந்த இல்லமே பின்னர் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் என்னும் பழைய பனிக்கட்டிக் கிடங்குக்கு மாறியது. இன்று விவேகானந்தர் இல்லம் என அழைக்கப்படும் கட்டடம் அதுவே. 1922-இல் தொடங்கிய வெலிங்டன் சீமாட்டி ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராகவும் அவர் விளங்கினார். சகோதரி சுப்புலட்சுமி என்று நாடு அழைத்தது. 1966-இல் மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி அவருடைய வரலாற்றை நூலாக எழுதினார். யாருடைய எதிரில் வந்தால் கெட்ட சகுனம் என்று ஊர் முகம் திருப்பியதோ, அத்தகைய இளம்பெண்கள் ஆசிரியைகளாகி மாகாணத்தின் வகுப்பறைகளில் சென்று நின்றனர். முகம் திருப்பிய பெற்றோரே தம் மகள்களை அவர்களிடம் படிக்க அனுப்ப வேண்டிய காலமும் வந்தது.

அதே 1886-ஆம் ஆண்டு, ஜூலைத் திங்களில், புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி கல்லூரி முதல்வராய் விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் இசை மரபில் வந்தவர். தாய் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க விரும்பினார். தந்தையோ வீட்டில் வைத்தே பாடம் சொல்லித் தேர்வு எழுதச் செய்தார். பின், மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? அங்கே படித்த பையன்களின் பெற்றோர். வகுப்பில் ஒரு பெண் இருந்தால் தம் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்றனர். தாயாரின் குலத்தையும் சுட்டினர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இடம் அளித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் மருத்துவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பின்னர்ச் செய்த பணிகளை நீங்கள் அறிவீர்கள். அடையாற்றில் ஔவை இல்லமும், 1954-இல் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனையும் அவர் பெயரைச் சொல்கின்றன.

சட்டமன்றத்தில் இருந்த காலத்தில் குழந்தை மணத் தடைக்காகவும் அவர் வாதாடினார். 1929-இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று மண வயதை வரையறுத்தது. 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அது நடைமுறைக்கு வரும் என்றறிந்ததும் பெற்றோர் செய்தது என்ன? முகூர்த்தங்களைத் தேடி, அந்த நாளுக்கு முன்னரே சிறுமிகளுக்கு மணம் முடித்தனர். சட்டம் செல்லாத பிரெஞ்சுப் புதுச்சேரிக்குச் சென்று தாலி கட்டுவித்தவரும் உண்டு. அரசாங்கத்தின் தண்டனையைக் காட்டிலும் எதிர்வீட்டுக்காரியின் ‘இன்னுமா பெண்ணை வீட்டில் வைத்திருக்கிறீர்கள்?’ என்ற ஒரு வினா அவர்களுக்குக் கடுமையாய்த் தோன்றியது.

இதுவரை சொன்னவை கல்வியும் ஓரளவு செல்வாக்கும் உடைய குடும்பங்களின் செய்திகள். அவர்களை ஊர் வாயால் சுட்டது, வயிற்றில் அடிக்கவில்லை. அதே செங்கற்பட்டு மாவட்டத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் பிழைப்பே போகும் நிலையில் வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். 1891-இல் ஆட்சியர் டிரெமன்ஹீர், மாவட்டத்தின் தாழ்த்தப்பட்ட மக்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். கடனுக்காகப் படியாளாய்க் கட்டுண்டு கிடந்த தந்தையின் பிள்ளை மாடு மேய்க்க வேண்டியவன். அவன் பலகை எடுத்தால் மிராசுதாரரின் மாட்டை யார் பார்ப்பது? ‘பிள்ளையைக் கெடுக்கிறாயே’ என்று அத்தந்தையை அதட்டியவர், தம் பிள்ளையைப் படிக்க வைத்த மற்றொரு தந்தை. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றை அடுத்த ஊரூரில் இப்பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். அதன் வழிவந்த பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் நடக்கிறது. அப்பள்ளியின் முதல் நாளில் தம் மகனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து விட்ட கூலித் தொழிலாளியின் துணிவுக்கு முன் மற்றவருடைய துணிவு சற்றுக் குறைந்ததே என்பது என் எண்ணம்.

பொதுப்பள்ளிகளில் இப்பிள்ளைகளைச் சேர்த்தபோது தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறிய பெற்றோர் மாகாணமெங்கும் இருந்தனர். அதுவும் ஒரு தீர்ப்பே. அதைப் பற்றித் தனியே ஒரு நாள் பேச வேண்டும்.

தாம்பரத்துக்கு வருவோம். 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் இப்பகுதியிலிருந்து நகரத்துக்குப் பெண்ணைப் படிக்க அனுப்புவதென்றால் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ விட வேண்டும். சென்னையில் பெண்களுக்கான முதற் கல்லூரி, பின்னாளில் இராணி மேரி கல்லூரி என்று பெயர் பெற்றது, 1914-இலேயே கடற்கரையில் தோன்றியிருந்தது. மின்ரயில் வந்ததும், காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்றாயிற்று. ஆனால், வயது வந்த பெண் ஆடவர் நெருக்கும் நிலையத்தில் தனியே நிற்பதா? பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் எத்தனையோ திண்ணைகள் இதை ஆராய்ந்திருக்கும். 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டு, தாம்பரத்துக் காட்டுப் பரப்பிலே குடியேறியது. இரண்டே ஆண்டில், 1939-இல், அது மகளிரையும் சேர்த்துக்கொண்டது. நகரத்துக்குப் போன ரயில் இப்போது எதிர்த் திசையிலும் மாணவியரைக் கொண்டுவந்தது. ஆடவரோடு ஒரே வகுப்பில் அமர அனுமதித்த பெற்றோர், புதுக்கோட்டையில் நாராயணசாமி கேட்ட சொற்களில் சிலவற்றையேனும் கேட்டிருப்பார்கள்.

சகோதரி சுப்புலட்சுமியும் தம் ஓய்வுக் காலத்தில் இதே தாம்பரத்தின் பக்கம் வந்தார். தாம்பரத்துக்கு அருகே மாடம்பாக்கத்தில் மகளிருக்கும் குழந்தைகளுக்குமாக 1954-இல் ஒரு நல மையம் அமையத் துணை புரிந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டை நெருங்கிக்கொண்டிருந்தது.