மெதுவாக முற்றும் நீரிழிவு: இன்சுலின் தேவையை முன்னறியும் முயற்சியின் வரலாறு

முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. உணவுக் கட்டுப்பாடும் மாத்திரையும் அதற்குப் பல ஆண்டுகள் போதுமானவை. ஆனால் ஒரு சிறு பிரிவினருக்குச் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ மாத்திரை பலனளிக்காமல் போகிறது, உடல் மெலிகிறது, இன்சுலின் ஊசி இல்லாமல் முடியாது என்ற நிலை வருகிறது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை அவர்களது நோயெதிர்ப்பு மண்டலமே அழித்துவருவதுதான் காரணம். குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவிலும் நடப்பது இதுவே. இங்கே வேகம் மட்டும் குறைவு. இத்தகையவர்களை முன்கூட்டியே கண்டறியாவிட்டால் இழப்பு முழுவதும் நோயாளிக்குத்தான். பத்தியம் தவறியதால் சர்க்கரை ஏறியது என்ற பழியை அவர் சுமக்கிறார். பயன்தராத மாத்திரைகளில் காலம் கழிகிறது. ரத்தத்தில் கீட்டோன்கள் பெருகி உயிருக்கு ஆபத்து நேரும் வாய்ப்பும் உண்டு.

நீரிழிவு ஒரே நோயன்று என்பதற்கு 1936-இல் லண்டன் மருத்துவர் ஹெரால்டு ஹிம்ஸ்வொர்த் தெளிவான சான்று தந்தார். இன்சுலினுக்கு உடனே இணங்கும் நோயாளிகள், இணங்காத நோயாளிகள் என இரு பிரிவினர் இருப்பதை அவர் சோதனை மூலம் காட்டினார். 1965-இல் பெல்ஜியத்தின் வில்லி கெப்ட்ஸ், நோய் தொடங்கிய சிறிது காலத்தில் இறந்துபோன 22 இளம் நோயாளிகளின் கணையங்களை ஆராய்ந்தார். அவற்றில் 15-இல், இன்சுலின் சுரக்கும் திட்டுகளுக்குள் வெள்ளணுக்கள் ஊடுருவியிருந்தன. உடலே தன் செல்களைத் தாக்குகிறது என்ற ஐயத்துக்கு இது வலுச் சேர்த்தது.

1974-இல் லண்டனில் ஜியான் பிராங்கோ பொட்டாசோவும் டெபோரா டோனியாக்கும் தங்கள் குழுவினருடன் நேரடிச் சான்றைக் கண்டனர். மனிதக் கணையத்தின் மெல்லிய சீவல்மேல் நோயாளியின் ரத்தச் சீரத்தை இட்டு, ஒளிரும் சாயத்தின் உதவியுடன் நுண்ணோக்கியில் பார்த்தபோது, கணையத் திட்டுகளில் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் தெரிந்தன. எடின்பரோவில் வில்லியம் இர்வைனின் குழு, மாத்திரையால் சமாளித்துவந்த பெரியவர்களிலும் ஒரு பகுதியினரிடம் இதே எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டது. அவர்களிடையே மாத்திரை தோற்றுப்போவது அதிகம் என்பதையும் 1970களின் இறுதிக்குள் அக்குழு பதிவுசெய்தது. இன்சுலின் தேவையை ரத்தச் சோதனையால் முன்னறியலாம் என்ற எண்ணம் இங்கே பிறந்தது. 1986-இல் லெய்ஃப் குரூப், பொட்டாசோ, டோனியாக் மூவரும், 35 முதல் 75 வயதுக்குள் நீரிழிவு கண்டறியப்பட்டவர்களிடையே மறைந்திருக்கும் முதல் வகை நோயை இந்த எதிர்ப்பொருள் அடையாளம் காட்டுவதாக எழுதினர்.

கணையச் சீவல் முறை கடினமானது. பார்ப்பவரின் கண்ணையும் கிடைக்கும் கணையத்தையும் பொறுத்து முடிவு மாறியது. 1982-இல் ஸ்டீனுன் பெக்கஸ்கோவும் சகாக்களும், நீரிழிவு வந்த குழந்தைகளின் எதிர்ப்பொருள்கள் 64,000 மூலக்கூறு எடையுள்ள ஒரு புரதத்தைப் பற்றுவதைக் கண்டனர். அது எது என்பது 1990-இல் வெளிப்பட்டது: நரம்பு செல்களிலும் பீட்டா செல்களிலும் இருக்கும் குளூட்டமிக் அமில டீகார்பாக்சிலேஸ் என்ற நொதி, சுருக்கமாக ஜிஏடி. தசைகள் விறைத்துப்போகும் ஓர் அரிய நரம்பு நோயில் இதே நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் முன்பே காணப்பட்டிருந்தது இந்த அடையாளத்துக்கு வழிகாட்டியது. புரதம் தெரிந்துவிட்டதால் சோதனை எளிதாயிற்று. ஆயிரக்கணக்கானோரிடம் செய்து பார்க்கவும் முடிந்தது. 1993-இல் டீனாமய்யா துவோமி, பால் சிம்மெட் உள்ளிட்டோர், பெரியவர்களிடம் மறைந்திருக்கும் தன்னுடல் தாக்கு நீரிழிவை ஜிஏடி எதிர்ப்பொருள் வெளிக்காட்டுவதாக அறிவித்தனர். இதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமான ‘லாடா’ மருத்துவ வழக்கில் நிலைபெற்றது.

கணிப்புக்கு எண்களைத் தந்தது பிரிட்டனின் பெரும் நீரிழிவு ஆய்வான யுகேபிடிஎஸ். புதிதாக நோய் கண்டறியப்பட்ட, 25 முதல் 65 வயதுக்குட்பட்ட 3,672 பேரின் ரத்தம் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 1997-இல் வெளியாயின. ஏறத்தாழ 10 விழுக்காட்டினரிடம் ஜிஏடி எதிர்ப்பொருள் இருந்தது. 35 வயதுக்குக் கீழ்ப்பட்டோரில், அது இருந்தவர்களில் 84 விழுக்காட்டினருக்கு ஆறு ஆண்டுகளுக்குள் இன்சுலின் தேவைப்பட்டது. எந்த எதிர்ப்பொருளும் இல்லாதவர்களில் 14 விழுக்காட்டினருக்கே தேவைப்பட்டது. 55 வயதைக் கடந்தவர்களிடம் இந்த எண்கள் முறையே 34, 5 என இறங்கின. அதே எதிர்ப்பொருள் இளையவரிடம் ஏறக்குறைய உறுதியான எச்சரிக்கை. முதியவரிடமோ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். எதிர்ப்பொருள் உண்டா இல்லையா என்ற கேள்வி மட்டும் போதாது என்பது இதனால் தெளிவாயிற்று.

அடுத்த கட்ட ஆய்வுகள் எதிர்ப்பொருளின் அளவையும் எண்ணிக்கையையும் நோக்கின. சுவீடனில் பெரியவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், இரண்டு அல்லது மூன்று வகை எதிர்ப்பொருள்கள் உள்ளவர்களின் பீட்டா செல்கள் விரைவாகவும், ஒன்று மட்டும் உள்ளவர்களின் செல்கள் மெதுவாகவும் செயலிழந்தன. இத்தாலியில் ரஃபேல்லா புஸ்ஸெட்டியின் குழு 2007-இல், ஜிஏடி எதிர்ப்பொருள் மிகுதியாக உள்ளவர், குறைவாக உள்ளவர் என நோயாளிகள் இரு கூட்டமாகப் பிரிவதைக் காட்டியது. முதல் கூட்டத்தினர் மெலிந்தவர்கள். தைராய்டு சார்ந்த தன்னுடல் தாக்கு அறிகுறிகளும் அவர்களிடம் அதிகம். இரண்டாம் கூட்டத்தினர் இரண்டாம் வகை நோயாளிகளை ஒத்திருந்தனர்.

எல்லாருக்கும் எதிர்ப்பொருள் சோதனை செய்வது செலவு மிக்கது. யாருக்குச் செய்வது என்று தேர்ந்தெடுக்க, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006-இல் ஐந்து அடையாளங்களை முன்வைத்தனர்: 50 வயதுக்கு முன் நோய் தொடங்குதல், கடும் தாகம், எடை இழப்பு போன்ற திடீர் அறிகுறிகள், உடல் நிறை குறியீடு 25-க்குக் கீழ் இருத்தல், வேறு தன்னுடல் தாக்கு நோய் இருத்தல், குடும்பத்தில் அத்தகைய நோய் இருத்தல். இவற்றில் குறைந்தது இரண்டு இருப்பவருக்குச் சோதனை தேவை என்பது அவர்கள் பரிந்துரை.

ஜப்பானில் இந்நோய் ‘மெதுவாக முற்றும் இன்சுலின் சார்ந்த நீரிழிவு’ என்ற பெயரில் தனியாக ஆராயப்பட்டது. தெட்சுரோ கோபயாஷி, தாரோ மருயாமா முதலியோர், முன்னறிந்தபின் போக்கை மாற்ற முடியுமா என்றும் கேட்டனர். 2008-இல் வெளியான டோக்கியோ ஆய்வில் ஒரு பிரிவினருக்குத் தொடக்கத்திலேயே இன்சுலினும், மற்றவர்களுக்குக் கணையத்தைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரையும் தரப்பட்டன. மாத்திரைப் பிரிவில் இன்சுலின் சார்பு நிலையை அடைந்தவர்கள் குறிப்பிடத்தக்க அளவு அதிகம். முன்னறிதல் சிகிச்சையையே மாற்றும் என்பதற்கு இது சான்றானது.

கணிப்பின் மையம் பிறகு எதிர்ப்பொருளிலிருந்து எஞ்சியுள்ள சுரப்பை நோக்கி நகர்ந்தது. டொனால்டு ஸ்டைனர் 1967-இல் புரோஇன்சுலினைக் கண்டறிந்ததன் பயன் இங்கே கிடைத்தது. இன்சுலின் உருவாகும்போது அதே அளவில் வெளிப்படும் சி-பெப்டைடு, ஊசி மருந்தில் இல்லாதது. ஆகவே உடல் தானே எவ்வளவு சுரக்கிறது என்பதை அது காட்டும். பன்னாட்டு வல்லுநர் குழு 2020-இல் மூன்று படிகளை வகுத்தது. சி-பெப்டைடு லிட்டருக்கு 0.3 நானோமோலுக்குக் கீழ் இருந்தால் முதல் வகை நோய்க்குரிய இன்சுலின் சிகிச்சை தேவை. 0.3 முதல் 0.7 வரை இருந்தால் கவனமான கண்காணிப்புடன், பீட்டா செல்களைச் சோர்வடையச் செய்யாத மருந்துகள் தரலாம். 0.7-க்கு மேல் இருந்தால் இரண்டாம் வகை நோய்க்குரிய மருத்துவம் போதும். ஆனால் அளவீட்டை மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். சல்ஃபோனைல்யூரியாவைத் தவிர்க்குமாறும் அக்குழு சொன்னது.

இதற்கிடையே ஓர் எச்சரிக்கையும் எழுந்தது. 1,000 பேரில் உண்மையில் 50 பேருக்கே இந்நோய் இருந்து, சோதனை நோயில்லாதவர்களில் 1 விழுக்காட்டினரைத் தவறாகச் சுட்டினால், ஏறத்தாழ 10 பேர் வீணாக நோயாளிகள் பட்டியலில் சேர்வர். அளவு குறைந்த ஒற்றை எதிர்ப்பொருள் உள்ளவர்கள் சிலருக்கு இன்சுலின் தேவை வராமலே போவதற்கு இது ஒரு விளக்கம். இங்கிலாந்தின் எக்ஸிடர் ஆய்வாளர்கள் உருவாக்கிய மரபணு மதிப்பெண், எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்குள்ளும் விரைவாக முற்றுவோரைப் பிரித்தறிய உதவியது. ஜப்பானிய வரையறை 2023-இல் திருத்தப்பட்டது. எதிர்ப்பொருள் இருந்தும் சுரப்பு குன்றாதவர்கள் ‘நோய் இருக்கக்கூடியோர்’ என்றும், காலப்போக்கில் சுரப்பு வற்றியவர்களே ‘உறுதியானோர்’ என்றும் பிரிக்கப்பட்டனர். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இந்நோயை முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் இடைப்பட்ட கலப்பு வடிவமாக வகைப்படுத்தியிருந்தது.

இன்றைய கணிப்பு இவை அனைத்தின் கூட்டு. வயது, உடல் எடை, எதிர்ப்பொருளின் அளவும் எண்ணிக்கையும், சி-பெப்டைடு, மரபணு மதிப்பெண் ஆகியவற்றை ஒருசேரப் பார்த்தே நோயின் வேகம் மதிப்பிடப்படுகிறது. முதல் நாள் சோதனையே இறுதித் தீர்ப்பாகாது என்பதால், ஆறு மாதத்துக்கொருமுறை சி-பெப்டைடை அளந்து, சரிவு தெரிந்தவுடன் இன்சுலினைத் தொடங்குவதே நடைமுறை. எதிர்ப்பொருள் சோதனை ஆபத்துக்குள்ளானவரைக் காட்டுகிறது. தொடர் அளவீடு இன்சுலினைத் தொடங்க வேண்டிய காலத்தைக் காட்டுகிறது.