கைமரமும் சாய்ப்பும்

வேலையின்றி இருப்பவனை, ‘மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்’ என்பது நம்மவர் வழக்கு. மோட்டுவளை என்பது முகட்டுவளை என்பதன் மருவு. இருபுறத்துக் கைமரங்களும் உச்சியில் வந்து கூடும் நெடுமரமே அது. காங்கிரீட் தளத்தின் கீழ்ப் பிறந்து வளரும் நம் காலனிக் குழந்தைகள் சொல்லைக் கேட்டிருப்பர், பொருளைக் கண்டிரார். ஆதலின் அச்சரிவுக் கூரையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

7-ஆம் நூற்றாண்டில் பல்லவர் மாமல்லபுரத்தில் குடைந்த திரௌபதி இரதம் ஓலைக் குடிசையின் கல்வடிவமே. தில்லைச் சிற்றம்பலத்திற்கு முதலாம் பராந்தகன் பொன் வேய்ந்தான் எனச் சோழர் செப்பேடுகள் கூறும். ஓலையாயினும் பொன்னாயினும் ‘வேய்தல்’ என்னும் வினை ஒன்றே. வேய்வதற்கு அடியில் மரச்சட்டம் வேண்டுமென்பதும் பொது விதியே.

எளியோர் இல்லங்களில் ஓலைக்கு அடுத்து வந்தது நாட்டோடு. பனங்கைகளைச் சரித்து, அவற்றின்மேல் மூங்கில் வரிச்சுகளைக் கயிற்றால் பிணைத்து, சிற்றோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். ஓடுகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாமையால் மரம் சற்றுக் கோணினும் கேடில்லை. ஆனால் காற்றும் குரங்கும் ஓட்டைக் கலைக்கும். மழைக்கு முன் பிரித்து மாற்றும் வேலை ஓயாது.

1841-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் அல்சேசுப் பகுதியில், ஆல்ட்கிர்க் என்னும் ஊரைச் சேர்ந்த கிலார்டோனி உடன்பிறந்தார், விளிம்போடு விளிம்பு பூட்டிக்கொள்ளும் ஓட்டிற்கு உரிமம் பெற்றனர். அவ்வூருக்கு அணித்தேயுள்ள பாசல் நகரின் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865-இல் மங்களூரில் ஓட்டாலை நிறுவினார். நேத்திராவதி ஆற்றங்கரைக் களிமண் அதற்கு வாய்ப்பாயிற்று. மங்களூர் ஓடு கடல்வழியே பல துறைமுகங்களுக்கும் சென்றது.

ஓடு மாறவே தச்சும் மாறிற்று. இவ்வோட்டின் அடியிலுள்ள குமிழ், கைமரத்தின் குறுக்கே அறையும் ரீப்பர் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். சட்டத்திற்குச் சட்டம் ஏறத்தாழ ஓரடி இடைவெளி; ஓரங்குலம் பிசகினும் அவ்வரிசை படியாது. எனவே அறுத்த மரமும், நூல் பிடித்த அளவும், ஆணியும் இன்றியமையாதன ஆயின. முதல் வரிசை ஓட்டிற்கு அடியில் தாங்க வேறு ஓடில்லை. ஆதலின் இறவாரத்துச் சட்டத்தை மட்டும் சற்றே தடிப்பாக வைப்பர்.

இவ்வளவுக் கணக்கால் நேர்ந்த பெரும்பயன், சிறு குடும்பமும் துணிந்து வீட்டை நீட்ட இயன்றதே. மருமகள் வரும்போதோ, முதியோர் வந்து தங்கும்போதோ, பழைய சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்குவர். அகலம் 8 அடி எனக் கொள்வோம். இரண்டடிக்கு ஓரடி சரிவு வேண்டின், கூரை 4 அடி தாழும். வெளிச்சுவர் ஆறரை அடி நிற்க வேண்டுமானால், கைமரத்தின் தலை பழைய சுவரில் பத்தரை அடி உயரத்தில் அமைய வேண்டும். அவ்வுயரம் வாயாத வீடுகளிலேதான் நம் முன்னோர் குனிந்து நுழைந்தனர். கைமரம் ஏறத்தாழ 9 அடி. இறவாரத்திற்கு மேலும் ஒன்றரை அடி. 10 அடி நீள அறைக்கு ஏறத்தாழ 150 ஓடு போதும்.

ஆயினும் கைமரத்தின் தலை பழைய சுவரில் உறுதியாகப் பிடிபட வேண்டும். இன்றேல் சுமை சரிந்து வெளிச்சுவரைப் புறந்தள்ளும். இருசரிவுக் கூரையில் அவ்வேலையைக் குறுக்கே கிடக்கும் விட்டம் செய்கிறது. கைமரங்களின் அடிகள் விலகாவண்ணம் அது இழுத்துப் பிடிக்கும். இரு கூரைகள் கூடும் கூடல்வாயில் நீர் தேங்காமல் ஓடவும் வழி செய்தல் வேண்டும். புது அறை ஒழுகுவது பெரும்பாலும் பழைய வீட்டோடு இணையும் இடத்திலேதான்.

காங்கிரீட் பரவியபின் மங்களூரின் ஓட்டாலைகள் பல மூடப்பட்டன. இடிக்கும் வீடுகளின் ஓடுகளை விலைக்கு வாங்குவோர் உளர்; கைமரம், வரிச்சு, விட்டம், கூடல்வாய் என்னும் சொற்களை வாங்குவார் யார்? கோடை விடுமுறையில் ஊர் செல்லும் நம் இளைஞர், எஞ்சியுள்ள ஓட்டு வீட்டில் ஒருமுறை அண்ணாந்து நோக்குவாராக. ஒவ்வொரு மரத்தின் பெயரையும் அதன் வேலையையும் ஊர்த் தச்சரிடம் கேட்டு எழுதி வருவாராக. சொல்ல வல்ல தச்சர் இன்னும் சிலர் உளர்.