இருக்கைப் பிரிவு: மூலப்பொருளும் உரையும்

மூலத்தின் பொருள்: ஒவ்வொரு நிறுவனத்தின் வளாகத்திலும் பணியாளர் அனைவர்க்கும் தக்க இருக்கை வசதி இருத்தல் வேண்டும், பணிக்கிடையே நேரும் எவ்வொரு வாய்ப்பிலும் அவர் அமர்தற்பொருட்டும், அதனால் வேலைநேரம் முழுதும் நின்றுகொண்டே இருக்கும் நிலையைத் தவிர்த்தற்பொருட்டும்.

என் நுதலிற்றோ எனின், கடைகளில் நின்று உழைப்பார்க்கு அமரும் உரிமை உண்டென்பது உணர்த்துதல் நுதலிற்று. இது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இல் 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 22-அ என எண் பெற்றுப் புகுந்தது. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் பேரவையில் இதனை முன்வைத்தார். மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியம் 2019-இலேயே ஒருமனதாக ஏற்ற கருத்து இது. கேரளம் 2018-இல் இதனைச் சட்டமாக்கியது; கோழிக்கோட்டு மிட்டாய்த்தெருவில் பி. விஜி முன்னின்று நடத்திய ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பின் நெடும்போராட்டம் அதற்கு வழிகோலியது. ஆகலின் இவ்விதி நின்று நொந்தார் கேட்டுப் பெற்றது என்று அறிந்து கற்றல் வேண்டும்.

‘ஒவ்வொரு நிறுவனத்தின் வளாகத்திலும்’ என்பது: ஒவ்வொரு என்றதனால் பெருங்கடை சிறுகடை என்னும் வேறுபாடு ஒழிந்தது. பல மாடி ஜவுளிக்கடையும், நகைக்கடையும், பாத்திரக்கடையும், உணவகமும் அடங்கும். வளாகத்தில் என இடம் கூறியது, இருக்கை வேலை செய்யுமிடத்துக்கு அணித்தாதல் வேண்டும் என்றற்கு. மேல்மாடிச் சாப்பாட்டறையில் கிடக்கும் பெஞ்சைக் காட்டி இவ்விதி நிறைவேறிற்று என்பாருளராயின், அவர்க்கு இதன் பொருள் விளங்கிற்றில்லை. சேலை விரிக்கும் மேசையினின்று மூன்று மாடி ஏறி அமர்வார் யாருளர்?

‘பணியாளர் அனைவர்க்கும்’ என்பது: விற்பனைப் பெண்ணுக்கும், பில் போடுவார்க்கும், லிஃப்ட் இயக்குவார்க்கும், வாயிற்காவலர்க்கும், தரை துடைப்பார்க்கும் எனக் கொள்க. பிரித்தானியாவில் 1899-இல் இயற்றிய கடைப்பணியாளர் இருக்கைச் சட்டம் பெண் பணியாளர் மூவர்க்கு ஓர் இருக்கை என வரையறுத்தது. இங்கோ எண்ணும் இல்லை, பால் வேறுபாடும் இல்லை. அனைவர்க்கும் என்னும் சொல் அதனினும் அகன்று நிற்கின்றது. பத்துப் பேர் நிற்கும் தளத்தில் ஒற்றை ஸ்டூல் இட்டு, முறைவைத்து அமர்க என்பது இச்சொல்லுக்கு மாறாம்.

‘தக்க’ என்பது: உடம்புக்குத் தக்க, வேலைக்குத் தக்க என இருதிறப்படும். முதுகு சாய்தற்கு இடமுடைத்தாய், கால் தரையில் பாவுமாறு, மேசையின் உயரத்தோடு பொருந்தி இருத்தல் வேண்டும். தக்க என்னாது இருக்கை என்றே கூறியிருப்பின், கவிழ்த்த அட்டைப்பெட்டியும் இருக்கையாய்விடும்.

இருக்கை எற்றுக்கு எனின், காலின் குருதி மேலேறும் முறையை அறிதல் வேண்டும். நடக்குங்கால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து நாளங்களை அழுத்த, குருதி இதயம் நோக்கி ஏறும். ஓரிடத்தே அசையாது நிற்பார்க்கு அவ்வழுத்தம் இல்லை. நாளத்துள் குருதி கீழிறங்காது தடுக்கும் வால்வுகள் நாளடைவில் தளர, குருதி தேங்கி நாளம் முறுக்கிப் புடைக்கும். இதுவே வெரிகோஸ் வெயின் எனப்படுவது. முற்றினால் கணுக்காலருகே ஆறாப் புண்ணாதலும் உண்டு. கால் வீக்கமும் குதிகால் வலியும் இடுப்பு நோவும் இதனோடு வரும். எனினும் நாள்முழுதும் இருந்தே கிடத்தல் நலமென்று மூலம் கூறிற்றன்று. நிற்றலும் நடத்தலும் இருத்தலும் மாறிமாறி வருதலே உடம்புக்கு ஏற்றது.

‘பணிக்கிடையே நேரும் எவ்வொரு வாய்ப்பிலும்’ என்பது: இவ்விதியின் உயிர்நிலை இத்தொடரே. இது முற்றிலும் புதிதன்று. தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்யும் தொழிலாளர் இளைப்பாறும் வாய்ப்பைப் பயன்கொள்ளுமாறு இருக்கை வேண்டுமென முன்னரே விதித்தது. ஆலைத் தொழிலாளி பெற்றதைத் தமிழ்நாட்டுக் கடைத் தொழிலாளி பெறுதற்கு எழுபத்துமூன்று ஆண்டு சென்றன. ஆங்கு இளைப்பாறல் என்றதை ஈண்டு அமர்தல் என வெளிப்படக் கூறினமை காண்க.

அற்றேல், வாய்ப்பு நேர்ந்தது என்பதை முடிவு செய்வார் யார் எனின், மேசைமுன் வாங்குவார் இல்லாத பொழுது எதுவோ அதுவே வாய்ப்பாகலின், மேற்பார்வையாளர் கையசைவுக்குக் காத்திருத்தல் வேண்டா என்க. எவ்வொரு என்றதனால், இரண்டு நிமிடமாயினும் அது வாய்ப்பே. இது நன்கு உணரத்தக்கது. பல கடைகளில் குறைவுபடுவது நாற்காலி அன்று, அமரும் துணிவே ஆகலின். அமர்ந்தாரைக் கேமராவில் கண்டு கடிதலும், சம்பளத்தில் பிடித்தலும், சோம்பேறி எனப் பலர்முன் இகழ்தலும் உண்டாயின், இருக்கை இருந்தும் இல்லாததே. ஆகலின் பணியாளர் நலம் பேணக் கருதும் உரிமையாளர் முதற்கண் செய்யற்பாலது, ‘ஆளில்லாதபோது உட்காருங்கள்’ என்று தம் வாயாற் கூறுதலும், அவ்வாறு அமர்வாரைக் கடியாதபடி மேற்பார்வையாளரைத் தடுத்தலுமாம். மருத்துவ முகாமும் யோகா வகுப்பும் அதன்பின் வருக.

வாங்க வருவார் முன் பணியாளர் அமர்ந்திருத்தல் மரியாதைக் குறைவன்றோ எனின், அன்று. வாங்குவார் வந்தவழி எழுதல் அவர்தம் இயல்பு. ஆளில்லாத மேசைக்கு மரியாதை செய்ய வேண்டுவது இல்லை. ரங்கநாதன் தெருக் கடைத் தொழிலாளர் வாழ்வை 2010-இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் காட்டியபின், அந்நிலையை அறிந்திலேம் என்று வாங்குவாரும் சொல்லற்கு இல்லை.

‘வேலைநேரம் முழுதும்’ என்பது: முழுதும் என்றது, ஓரளவு நிற்றல் வேலையின் இயல்பென்று உடன்பட்டு, இடைவிடா நிலையையே விலக்கிற்று. உணவு இடைவேளையில் அமர்கின்றாரன்றோ எனின், இடைவேளை வேறு, பணிக்கிடை வேறு. ஒன்று மற்றொன்றை ஈடு செய்யாது.

ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளி விற்பனையிலும் ஆள்நெருக்கம் ஓயாதே, அந்நாள்களில் வாய்ப்பு நேராதே எனின், நிற்கும் நிலையைத் தவிர்த்தற்பொருட்டு எனப் பயன் கூறினமையின், அப்பயன் கெடாதவாறு மாற்றாள் வைத்து, மணிக்கொருகால் சிறிதுபொழுது அமரும்படி முறை வகுத்தலும் உரிமையாளர் கடனென்பது இலேசினாற் கொள்ளப்படும்.